பையின் தொல்லைக்கு எட்டுக் கேள்விகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களில் பலர் வெளியே கிளம்புவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். போகிற இடத்தில் கழிப்பறை எங்கே என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். கால் மரத்துப்போவதையும் கண் மங்குவதையும் மருத்துவரிடம் தாமாகவே சொல்பவர்கள், சிறுநீர்த் தொல்லை விஷயத்தில் வாய் திறக்கத் தயங்குவார்கள். அதனால்தான் இதைக் கேட்பதற்கென்றே தனியாகப் படிவங்கள் வந்தன.

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அரிப்பதுதான் இந்த நோய். சிறுநீர்ப்பைக்குப் போகும் கட்டளை மூளைத்தண்டில் கிளம்பித் தண்டுவடத்தின் அடிப்பகுதி வரை இறங்க வேண்டும். வழியில் எங்கே உறை பழுதானாலும் கோளாறு வரலாம். பை பாதி நிறைவதற்குள்ளேயே சுருங்கி ஆளை விரட்டும். அல்லது பை சுருங்குகிற அதே நேரத்தில் சிறுநீர்ப்பாதையை மூடும் தசையும் இறுகிக்கொள்ள, முக்கினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒருவருக்கே இரண்டும் இருப்பதுண்டு. கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்பதை ஸ்கேன் காட்டிவிடும். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதை மெல்லிய குழாய் செலுத்தி அளக்கலாம். தன் மேல் சிறுநீர் வாடை அடிக்குமோ என்ற பயத்தை அளக்க அந்தக் குழாயால் ஆகாது.

அதை அளக்க முயல்வது குவாலிவீன் என்ற படிவம். பிரான்ஸில் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்காக முதலில் பிரெஞ்சில் உருவானது. பின்னர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடமும் சோதிக்கப்பட்டது. மொத்தம் 30 கேள்விகள். 2008இல் வெரோனிக் போனியோ, கோர்டன் கயாட் உள்ளிட்டோர் அதை 8 கேள்விகளாகச் சுருக்கினார்கள்: நான்கு பகுதிகளிலிருந்து இரண்டிரண்டு. களைப்பே நோயின் அறிகுறியாக இருக்கும் ஒருவரிடம் 30 கேள்விகளை நீட்டினால் கடைசிப் பத்தும் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்ததாகத்தான் இருக்கும். சுருக்கியது நல்ல காரியம்.

இந்த எட்டும் டச்சு மொழிக்குப் போன விதத்தைப் பார்க்கலாம். ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையக் குழு 2017இல் அந்த ஆய்வை வெளியிட்டது. இத்தகைய வேலையில் மொழிபெயர்த்து, அதை மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டு, சில நோயாளிகளிடம் படிக்கக் கொடுத்துத் திருத்துவது முதல் கட்டம் மட்டுமே. கேள்வி நல்ல டச்சில் இருப்பதாலேயே அது சரியாக அளக்கிறது என்று ஆகிவிடாது. நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் மதிப்பெண் வேறுபட வேண்டும். ஒப்பீட்டுக்காக அந்தக் குழு அணுகியது காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு வந்தவர்களை! அவர்களும் மருத்துவமனைக்கு வந்தவர்கள்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. கெட்டிக்காரத்தனமான தேர்வு.

கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க கிரான்பாக் என்பவர் 1951இல் முன்வைத்த ஆல்ஃபா எண் இருக்கிறது. 0.7க்கு மேல் போனால் ஏற்கிறார்கள். 0.95ஐயும் தாண்டினால் ஒரே கேள்வியை வேறுவேறு வார்த்தையில் கேட்கிறோமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் சுவையாகப் படுவது, பார்க்க அலுப்பூட்டும் ஒரு சோதனை. அதே ஆளிடம் அதே படிவத்தை மறுபடி கொடுப்பது. உடல்நிலை மாறாதவரை எண்ணும் மாறக் கூடாது. மறுநாளே கொடுத்தால் முதல் நாள் எந்தக் கட்டத்தில் டிக் போட்டோம் என்பது நினைவிலிருக்கும். மாதக்கணக்கில் விட்டால் நோயே நகர்ந்திருக்கும். ராட்டர்டாமில் ஒன்றிரண்டு வாரம் விட்டார்கள். அந்த இடைவெளியிலும் இந்த நோய் சும்மா இருப்பதில்லை. வெயில் ஏறினாலும் காய்ச்சல் வந்தாலும் அறிகுறிகள் கூடும். சிறுநீர்த் தொற்று வந்தால் அவசரமும் கசிவும் இன்னும் மோசமாகும். அப்போது எண் மாறினால் குறை படிவத்தில் இல்லை, மாறாமல் இருந்தால்தான் குறை. எனவே தொற்று வந்ததா, மருந்து மாறியதா என்று கேட்டு, அப்படிப்பட்டவர்களை இந்தக் கணக்கிலிருந்து விலக்கியாக வேண்டும்.

எட்டுக் கேள்விக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் (தொல்லை கூடக் கூட எண்ணும் ஏறும்), சராசரிதான் முடிவு. 0.5 மாறினால் நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்று குவாலிவீனுக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது நான்கு கேள்விகளில் ஒவ்வொரு கட்டம் இறங்கினால் போதும். ஆனால் பையின் சுருக்கத்தைத் தணிக்கப் போட்டுலினம் ஊசி போட்டுக்கொண்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். கசிவு நின்று பயம் குறையும். பை தளர்ந்துபோய்க் கதீட்டர் போட வேண்டிவந்தால், சிறுநீர் கழிக்கச் செலவாகும் நேரம் பற்றிய கேள்வியில் மதிப்பெண் ஏறும். சராசரி இரண்டையும் கரைத்துவிடும். அதனால் மொத்த எண்ணைக் கோப்பில் குறித்துவிட்டு அடுத்தவரை அழைக்காமல், எந்தக் கேள்வி ஏறியது, எது இறங்கியது என்று மருத்துவர் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.