கேன்சர் ஒட்டுமா, பயாப்ஸி எடுத்தால் பரவுமா? 4 கேள்விகள், பதில்கள்

வீட்டில் ஒருவருக்கு கேன்சர் என்றதும் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தேவையா?

கேன்சர் ஒட்டுமா?
ஒட்டாது. சேர்ந்து சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம். சொல்லப்போனால், கீமோ எடுப்பவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். நம்ம சளி, காய்ச்சல்தான் அவருக்கு ஆபத்து. ஆனால், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி, கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவிடும் ஹெபடைடிஸ் பி ஆகிய வைரஸ்கள் தொற்றும். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது.

பரம்பரை நோயா?
சுமார் 5 முதல் 10 சதவிகிதம்தான் பரம்பரை மரபணுக் கோளாறால் வருகிறது. புகையிலை, மது, உடல் பருமன், கூடும் வயது ஆகியவையே பெரிய காரணங்கள்.

'கத்தி பட்டா பரவிடும்' என்கிறார்களே?
முறையாக எடுக்கும் பயாப்ஸியால் பரவுவது மிக மிக அரிது. கேன்சர் செல்கள் ரத்தம், நிணநீர் வழியாகத் தானாகவே பரவக்கூடியவை. பயந்து தள்ளிப்போடும் மாதங்கள்தான் அதற்கு வழி விடுகின்றன.

மார்பகத்தில் இருந்து எலும்புக்குப் பரவினால் எலும்பு கேன்சரா?
இல்லை. அது மார்பகப் புற்றுநோய்தான். சிகிச்சையும் அதற்கேற்றபடியே.

மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, காரணம் தெரியாத ரத்தப்போக்கு... இவற்றில் எது இருந்தாலும் கூகுளில் தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்க.