கழுநீர்த் தொட்டியில் ஒரு காந்தம்

எங்கள் செவலை மாடு செத்து ஆறு வருஷம் ஆகிறது. வங்கி வேலையில் ஓய்வு பெற்று, நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம் தொடங்கிய இரண்டாம் வருஷம் அது. நல்லா மேய்ஞ்சுட்டு இருந்த மாடு திடீர்னு தீவனத்தை ஒதுக்கிச்சு. பால் பாதியாச்சு. முதுகை வளைச்சு, முன்னங்காலை வெளிப்பக்கம் அகட்டி நிற்கும். வாய்க்கால் சரிவுல இறங்கச் சொன்னா முனகிக்கிட்டு அங்கேயே நின்னுடும். வயிற்று உப்புசம்னு நானே முடிவு பண்ணி இஞ்சி, வெற்றிலை, மிளகுன்னு பத்து நாளை ஓட்டினேன். நெஞ்சுக்குக் கீழே வீக்கம் வந்த பிறகுதான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன்.

"உள்ளே கம்பி இருக்கும் போல சார். இதயத்தைத் தொட்டிருச்சுன்னு நினைக்கிறேன். முன்னாடியே கூப்பிட்டிருந்தா ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்கலாம்" என்றார்.

மாடு நம்மைப் போல மென்று, பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். விழுங்கிய இரும்பு, தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் இரண்டாவது இரைப்பையில் போய்த் தங்கிவிடும். அந்த இரைப்பை சுருங்கிச் சுருங்கி விரியும்போது கூரான கம்பி அதன் சுவரைக் குத்தும். அதற்கு முன்னால் உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். நடுவில் அதிக தூரம் கிடையாது.

செத்த பிறகு அறுத்துப் பார்த்தோம். இதயத்துப் பக்கம் குத்தி நின்றது, வேலி போட்டபோது நான் வெட்டிப் போட்ட கட்டுக்கம்பித் துண்டு. அது போக, அதே இரைப்பையில் கிடந்தவை: ஒரு ஹேர்பின், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரின் சுருள்கள், ஏழெட்டு ஸ்டேப்ளர் பின்கள். எல்லாமே எங்க வீட்டுச் சாமான். அடுப்படிக் கழுநீரில் நாரும் ஹேர்பின்னும் போயிருக்கும். பின்கள் என் வேலை. மூடாக்குக்கு அட்டைப்பெட்டிகளைப் பிரிச்சுப் போட்டேன், பின்னைப் பிடுங்காமல். நோட்டுக் கட்டுக்குப் பின் அடிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2001இல் சொன்னபோது, கிளையில் எல்லாரையும் விரட்டி விரட்டிப் பார்த்துக்கிட்டவன் நான்! சொந்தத் தோட்டத்தில் கவனிக்கலை.

அதற்குப் பிறகுதான் வீட்டு உலோகக் குப்பையைத் தனியாகப் பிரிக்க ஆரம்பிச்சோம். சின்ன வயசுல "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவி வருவாங்களே, அந்த வேலையை இப்ப எங்க ஊரில் மூணு சக்கர வண்டியில் ஒரு தம்பி செய்கிறார். எனக்கு வாத்தியார் அவர்தான். முதல் தடவை ஒரு சாக்கைக் கொடுத்ததும் சிரிச்சார்.

"ஏனுங்க சார், எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கொடுத்தா நான் இரும்பு விலைதானுங்க போட முடியும்."

கிலோவுக்குச் செம்பின் விலை இரும்பைப் போல இருபது மடங்குக்கும் மேல். கணக்குப் பார்த்தே பிழைச்ச எனக்கு அப்பத்தான் உறைச்சது.

பிரிக்க ஒரு காந்தம் போதும். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது என்னிடம் இருக்கு. ஒட்டினால் இரும்பு அல்லது தகரம்: ஆணி, கம்பி, பால்பவுடர் டப்பா. எவர்சில்வரில் பெரும்பாலானது ஒட்டாது, சிலது ஒட்டும். துருப் பிடிக்காத பளபளப்பை வைத்து அதைத் தனியா எடுத்துடலாம். ஒட்டாமல், வெள்ளையா, கையில் லேசாக இருந்தால் அலுமினியம். குக்கர் என்றால் கைப்பிடியையும் ரப்பரையும் கழற்றிடணும். பழைய குழாய்தான் ஏமாத்தும். வெளியே வெள்ளி மாதிரி மின்னும்; அரத்தால் ஒரு கீறு போட்டால் உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரியும். அலுமினியத்தை வீணாக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுக்கும் மின்சாரச் செலவில் இருபதில் ஒரு பங்கு போதும், பழசை உருக்கி எடுக்க.

செம்புக் கம்பிக்காகப் பழைய ஒயரைத் தோட்டத்து மூலையில் கொளுத்துகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். மேலுறை பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் வரும், அது சாம்பலோடு நம்ம மண்ணில்தான் விழும். கத்தியால் உரிக்க நேரமில்லைன்னா உறையோடவே போட்டுடுங்க, விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

"இரும்பு மண்ணுக்குள்ள கிடந்தா இரும்புச்சத்துதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். அதில் இரும்புக்கு என்ன பஞ்சம்? சுண்ணாம்பு மண்ணில் பயிர் வெளுப்பதுகூட இரும்பு இல்லாமல் இல்லை, வேருக்குக் கிடைக்கும் வடிவில் இல்லாததால். ஆணியைப் புதைத்தால் அது காலைக் குத்தும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கறார். இன்வெர்ட்டர், டிராக்டர் பேட்டரியில் இருப்பது ஈயம். அதை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துக் கழிவு வாங்கிக்கலாம், உடைக்கக் கூடாது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மண்ணில் விழுந்த ஈயம் மக்காது, போகாது. டார்ச் செல், கடிகாரத்து பட்டன் செல், பாதரசம் இருக்கிற சி.எஃப்.எல். பல்பு மூணையும் ஒரு மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, அபாயக் குப்பைன்னு சொல்லித் தனியாகக் கொடுக்கிறோம்.

இப்ப கழுநீரை வடிகட்டித்தான் தொட்டியில் ஊத்துவோம். அப்புறம் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தொட்டியின் அடியில் ஒரு சுற்று இழுப்பேன். கம்பி நாரை என் மனைவி அடுப்படியை விட்டே துரத்திட்டாங்க, தேங்காய் நார்தான். இருக்கிற இரண்டு மாட்டுக்கும், விழுங்க வைக்கும் வழவழப்பான காந்தம் ஒன்றை மருத்துவர் வாய்வழியாகப் போட்டுவிட்டார். அது இரைப்பையிலேயே தங்கி, வர்ற இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும்.

தீராத சங்கதி ஒண்ணு இருக்கு. மாத்திரை அட்டை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடக்கிறதால வண்டிக்காரத் தம்பி தொடமாட்டேங்கிறார். எங்க ரெண்டு பேர் வயசுக்கு அது மாசத்துக்கு ஒரு பை சேருது. எரிக்கவும் மனசில்லை, புதைக்கவும் மனசில்லை. கொட்டகையில் ஒரு சாக்கு நிறையக் கிடக்கு. உங்க ஊரில் யாராவது எடுக்கிறாங்கன்னா பத்திரிகைக்கு எழுதுங்க.