அவுரியின் பேத்தி

புதுச்சேரியின் வீராம்பட்டினம் கரையில் மீன் வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். செக்கச்செவேலென்று இருந்தால் பேச்சே இல்லை, பேரம்தான். ஆனால் ஐஸ் பெட்டியில் ஏறி, உறைக்குள் அடைபட்டு நகரத்துக் கடைக்குப் போன மீனின் செவுளை யார் தூக்கிப் பார்ப்பது?

பாலிஅனிலின் பார்க்கும். அது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். அமிலம் ஏறிய நிலையில் பச்சையாக இருக்கும். மீன் கெடும்போது கிளம்பும் அமோனியா போன்ற ஆவிகள் பட்டால் அமிலத்தை இழந்து நீலமாகும், மின்கடத்தலும் படுத்துவிடும். 2012இல் இந்தோனேசியாவின் ஜெம்பர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் மெல்லிய படலத்தைப் பால்கெண்டைப் பொட்டலத்தில் வைத்துப் பார்த்தார்கள். மீன் கெடக் கெடப் பச்சை நீலமானது.

அதன் பெயரில் இருக்கும் 'அனிலின்' என் மனதை விட்டு அகலவில்லை. 1826இல் ஓட்டோ உன்வெர்டோர்பன் என்ற ஜெர்மானியர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்த எண்ணெய் அது. அவுரியைக் குறிக்கும் 'அனில்' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து 1840இல் ஃபிரிட்சே என்ற வேதியியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். அந்த 'அனில்' அரபு வழியாகப் போன 'நீலம்'தான்! அவுரி நமக்கும் பழக்கமானதுதான். வீராம்பட்டினத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், அங்கே கண்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றியவை என்று கருதினார். 19ஆம் நூற்றாண்டில் அவுரி தோய்த்த புதுச்சேரி நீலத்துணி செனகல் வரை கப்பலேறியது.

பாலிஅனிலின் மின்சாரம் கடத்தும் என்றேன். பிளாஸ்டிக் மின்சாரத்தைத் தடுப்பதுதானே வழக்கம்? 1977இல் ஹீகர், மெக்டியர்மிட், ஷிராகவா என்ற மூன்று அறிவியலாளர்கள் பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கில் அயோடினை ஏற்றினார்கள். கடத்துதிறன் பல லட்சம் மடங்கு உயர்ந்தது. 2000இல் நோபல் பரிசு வந்தது. பாலிஅசிட்டிலீனின் மூலக்கூறுச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். ஆனால் எலக்ட்ரான்கள் நகர இடம் வேண்டும். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரோட்ட நெரிசலில் ஒருவர் விலகினால்தான் அடுத்தவர் அடியெடுத்து வைக்க முடியும். அதுபோல அயோடின் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி இடைவெளியை உண்டாக்குகிறது.

மின்சாரம் கடத்தும் இவ்வகைப் பிளாஸ்டிக்குகள் சிலவற்றை மையாக்கித் தாளிலும் வளையும் படலத்திலும் அச்சிடலாம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பாலிஅனிலினை இரும்பில் துருத்தடுப்புப் பூச்சாகவும் ஆராய்ந்திருக்கிறது. உப்புக்காற்றில் வாழும் ஊர்களுக்கு அதுவும் வேண்டியதே.

மீன் கெட்டதைக் காட்டும் பாலிஅனிலின் படலம் வீராம்பட்டினம் கரைக்கு வர இன்னும் வேலை இருக்கிறது. பால்கெண்டைக்குக் கண்ட நிறக்கணக்கு சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் மத்திக்கும் அப்படியே பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் தனியே அளக்க வேண்டும். ஐஸ் உருகிய தண்ணீரில் படலத்தின் அமிலம் கரைந்து போகாமல், ஆவியை மட்டும் உள்ளே விடும் மேலுறையும் வேண்டும்.