பள்ளத்தின் விளிம்பில் ஒரு மதியச் சாப்பாடு

தான்சானியாவின் வடக்கே உள்ள ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குப் போகிறவர்களில் பலர் விடிந்ததும் கீழே இறங்குகிறார்கள். லஞ்ச் பாக்ஸை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, சாயங்காலம் நெருங்கும் வரை சுற்றிவிட்டுத்தான் மேலேறுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கட்டணமும் கட்டியபின் ஒரு நிமிடத்தைக்கூட விடக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பது என் கருத்து. காலை ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் இறங்க வேண்டும். உச்சிவேளைக்குள் மேலே வந்துவிட வேண்டும். பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கும் மலை விடுதி ஒன்றில் அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த இரண்டு மூன்று மணி நேரமும் சஃபாரியில் சேர்ந்ததுதான்.

மதியம் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிங்கம் நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி. வெயில் ஏறிவிட்டால் அது தலையைக்கூடத் தூக்காது. புல்வெளியில் கானல் அலையடிப்பதால் தொலைநோக்கியில் தெரியும் காண்டாமிருகம் கலங்கிய சாம்பல் திட்டாக நிற்கும். வண்டிகளெல்லாம் ங்கோய்டோகிடோக் ஊற்றின் கரையில் வந்து கூடும். எதிரே தண்ணீரில் நீர்யானைகளின் முதுகுகள். தலைக்கு மேலே வட்டமிடும் பருந்துகள். திறந்த வெளியில் நின்று பெட்டியைப் பிரித்தால் பருந்து பின்பக்கமாகத் தாழ்ந்து வந்து, வாய்க்குப் போகும் கோழித்துண்டைக் கையிலிருந்தே பறித்துப் போகும். நகம் பட்டு விரல் கிழிவதும் உண்டு. அதனால் பலர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தே சாப்பிடுகிறார்கள். அந்தப் பறவைக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது மனிதர்களின் சாப்பாடுதான்.

வண்டிகளின் நெருக்கடி விலங்குகளை என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்து நாட்டிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. கென்யாவின் மாசாய் மாரா பகுதியில் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018ல் ஓர் ஆய்வு வெளியானது. சுற்றுலா மிகுந்த இடங்களில் ஒரு தாய், ஓர் ஈற்றில் சராசரியாக 0.2 குட்டியைத்தான் தனித்து வாழும் பருவம் வரை வளர்த்தது. வண்டிகள் குறைந்த இடங்களில் அது 2.3. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது, ஆகவே அதற்குத் தொல்லை கூடுதல் என்பது உண்மைதான். அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் ங்கோரோங்கோரோவின் தரைப்பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர்தான், அதற்குள் ஏறக்குறைய 25,000 பெரிய விலங்குகள். இத்தனை சின்ன இடத்தில் ஒவ்வொரு வண்டியும் அரை நாள் முன்னதாக வெளியேறினால் அது சிறிய நிம்மதியாக இருக்காது.

மேலே உட்கார்ந்தால் கிடைப்பது வேறொரு காட்சி. விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம். தரை அதற்கு 600 மீட்டர் கீழே. இரண்டு மூன்று மில்லியன் ஆண்டுகளுக்கு முன் எரிமலையின் உச்சி உள்ளே இடிந்து விழுந்ததால் உண்டான வட்டம் இது. கீழே நிற்கிறவருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும். மேலிருந்து பார்க்கும்போது கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகம் விளிம்புக் காட்டில் சிக்குவது தெரியும். அந்த ஈரம் ஓடையாகவும் ஊற்றாகவும் இறங்கி உவர் ஏரியான மகாடியை நோக்கிப் போகும் வழி தெரியும். மஞ்சள் பட்டை மரங்கள் நிறைந்த லெராய் காட்டின் ஓரத்தில் புள்ளிகளாக யானைகளும் தெரியும். வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் வறண்ட மாதங்களிலும் இங்கே ஏன் தங்குகின்றன, ஒட்டகச்சிவிங்கி மட்டும் தரையில் ஏன் இல்லை என்ற கேள்விகளுக்குச் செங்குத்தான சுவர், மரம் குறைந்த புல்வெளி, வற்றாத தண்ணீர் மூன்றையும் ஒருசேரப் பார்க்கும்போதுதான் பதில் பிடிபடுகிறது. அதற்கு நேரம் வேண்டும். மேகம் விலகும் வரை காத்திருக்க வேண்டும். சூப்பில் தொடங்கிப் பழத்தில் முடியும் நீண்ட சாப்பாடு அந்தக் காத்திருப்புக்கு இடம் தருகிறது.

கட்டிய காசு வீணாகாதா என்று கேட்கலாம். இந்தப் பள்ளத்தில் விடியற்காலையின் நான்கைந்து மணி நேரம், மதியத்தின் நான்கைந்து மணி நேரத்தைவிடப் பலமடங்கு மதிப்புள்ளது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. செரங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாசாய் மக்களுக்கு இந்தப் பகுதியில் வாழும் உரிமை உண்டு என்று 1959ல் உறுதி சொல்லப்பட்டது. 1970களின் நடுவில் பள்ளத்தின் தரையில் குடியிருக்க அவர்களுக்குத் தடை வந்தது. 2022 முதல் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி ம்சோமேராவுக்குக் குடும்பங்களை மாற்றி வருகிறார்கள். விருப்பத்தோடு போகிறார்கள் என்கிறது அரசு. நெருக்கித் தள்ளுகிறார்கள் என்கிறார்கள் மாசாய்கள். அவர்களுக்கு இடமில்லாத மலையில் வெள்ளைத் துணி விரித்த மேசை நியாயமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் விளிம்பு விடுதியில் தங்குபவரின் லஞ்ச் பாக்ஸும் அதே சமையலறையிலிருந்துதான் வருகிறது. அவசரமாகச் சாப்பிடுவதால் மாசாய்க்கு ஒரு பிடி மண்கூடத் திரும்பக் கிடைக்காது.

பணம் எங்கே போகிறது என்பதில் அக்கறை உள்ளவர் இன்னொரு மதியத்தைக் கேட்டுக்கு வெளியே கராத்துவில் கழிக்கலாம். அது இராக்வ் மக்கள் உழுது பயிரிடும் ஊர். அதே மலையின் வெளிச்சரிவில் காபித் தோட்டங்களுக்கு நடுவே விடுதிகள் இருக்கின்றன. சப்பாத்தி, பிலாவ், சம்பூசா என்று நமக்கும் பழக்கமான பண்டங்களோடு உகாலிக் களியும் கீரையும் அங்கே கிடைக்கும். பள்ளம் தெரியாது, காடு தெரியும். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் விளிம்பையே தேர்ந்தெடுங்கள். முந்தின இரவே ஓட்டுநரிடமும் விடுதியிலும் சொல்லிவைப்பது முக்கியம். இல்லையென்றால் விடியுமுன் லஞ்ச் பாக்ஸைக் கட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.