சோதனை ஓடியதா, ஓடியது போல் காட்டியதா?

உங்கள் போனில் ஒரு ஆப் அப்டேட் கேட்கிறது. என்னதான் மாறியிருக்கு என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: பிழைகள் சரிசெய்யப்பட்டன. பட்டனைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த ஒரு வரிக்குள் சில நேரம், திரையில் உங்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு பெரிய வேலை அடங்கியிருக்கும். மென்பொருளைச் சரிபார்க்கும் சோதனைகளையே பழைய டெஸ்டிங் ஃப்ரேம்வொர்க்கிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை அது. ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. சொதப்பினால், என்றைக்கோ ஒருநாள் நம்ம வரி ரசீதில் தெரியும்.

முதலில் யூனிட் டெஸ்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சொத்து வரி கட்டும் ஆப் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாமதமாகக் கட்டுபவர்களுக்கு வட்டி கணக்கிட அதில் ஒரு சின்ன நிரல் துண்டு இருக்கும். "1,000 ரூபாய், மாதம் 1 சதவீதம், 3 மாதம். வட்டி எவ்வளவு?" என்று இன்னொரு குட்டி நிரல் அதைக் கேட்கும். 30 வந்தால் பச்சை, 31 வந்தால் சிவப்பு. அவ்ளோதான். இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் எழுதி வைத்திருப்பார்கள். யாராவது ஒரே ஒரு வரியை மாற்றினாலும் எல்லாக் கேள்விகளும் மறுபடி ஓடும்.

இவற்றை ஓட்டுவதற்கு ஒரு ஃப்ரேம்வொர்க் வேண்டும். ஜாவா மொழிக்காரர்களுக்கு அது ஜேயூனிட். 1997-ல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போகும் விமானத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். அதன் 4-ஆம் பதிப்பு 2006-ல் வந்தது, பத்து ஆண்டுகளுக்கு மேல் கொடிகட்டிப் பறந்தது. பிறகு 2015-ல் மக்களிடம் நிதி திரட்டி, அடித்தளத்திலிருந்தே புதிதாக எழுதத் தொடங்கினார்கள். 2017 செப்டம்பரில் ஜேயூனிட் 5 வெளியானது.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அரசுத் துறைகளில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வெளியிட்டுவிட்டது. பெங்களூருவைச் சேர்ந்த இ-கவர்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன் உருவாக்கிய டிஜிட் தளம், சொத்து வரி போன்ற நகராட்சிச் சேவைகளுக்காகப் பல மாநிலங்களில் பயன்படுகிறது. அதன் சேவைகள் ஜாவாவிலும் ஸ்பிரிங் பூட்டிலும் எழுதப்பட்டவை.

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறதை ஏன் தொடணும்?" நியாயமான கேள்விதான். நாம் நின்றாலும் சுற்றியிருப்பவை நிற்பதில்லையே! ஸ்பிரிங் பூட் 2019-ல் தன் 2.2 பதிப்பில் ஜேயூனிட் 5-ஐ இயல்பான தேர்வாக்கியது. 2020-ல் வந்த 2.4 பதிப்பில், பழைய சோதனைகளை ஓட்டித்தரும் 'வின்டேஜ்' என்ற பகுதியைத் தன் சோதனைத் தொகுப்பிலிருந்து எடுத்தே விட்டது. பாதுகாப்புத் திருத்தங்களுக்காக ஸ்பிரிங் பூட்டைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்றால், சோதனைகளையும் கவனித்தே ஆக வேண்டும்.

மாற்றுவது பார்வைக்குச் சுலபம். சில பெயர்கள் மாறியிருக்கின்றன, தேடி மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். உண்மையான ஆபத்தே அந்த நினைப்பில்தான் இருக்கிறது.

பழைய பதிப்பில் ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஓட வேண்டிய தயாரிப்பு வேலைக்கு 'பிஃபோர்' என்று குறி போடுவார்கள். புதியதில் அது 'பிஃபோர்ஈச்'. ஒருவர் சோதனைகளைப் புதியதற்கு மாற்றிவிட்டு, இந்தக் குறியை மட்டும் பழையபடி விட்டுவிட்டார் என்று வையுங்கள். பழைய நூலகமும் கூடவே இருந்தால் கணினி எந்தப் பிழையும் சொல்லாது. தயாரிப்பு வேலை மட்டும் சத்தமில்லாமல் நடக்காமல் போகும். "தகுதியில்லாதவருக்குச் சலுகை கிடைக்கக் கூடாது" என்று ஒரு சோதனை. சலுகைப் பட்டியலே ஏற்றப்படவில்லை, அதனால் யாருக்கும் சலுகை இல்லை. சோதனை பச்சை! ஆனால் அது எதையுமே சோதிக்கவில்லை.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. வின்டேஜ் இல்லாத இடத்தில், பழைய நூலகம் வேறு ஏதோ ஒரு மென்பொருள் வழியாக உள்ளே வந்திருந்தால், பழைய சோதனைகள் பிழையில்லாமல் தொகுக்கப்படும். ஆனால் ஓடாது. அறிக்கையில் 'தோல்வி: 0' என்று வரும். தேர்வே எழுதாதவர் ஒரு பாடத்திலும் ஃபெயில் ஆகவில்லை என்பது மாதிரி.

சிவப்பாகித் தொல்லை கொடுக்கும் மாற்றங்களும் இருக்கின்றன. எதிர்பார்த்த விடை, வந்த விடை, விளக்கச் செய்தி என்ற மூன்றில் பழைய பதிப்பு செய்தியை முதலில் கேட்கும். புதியது கடைசியில் கேட்கும். மூன்றுமே எழுத்துச் சரங்களாக இருந்தால், செய்தியை விடையோடு ஒப்பிட்டுச் சிவப்பு காட்டும். எரிச்சல்தான், ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற தவறு. என்னைக் கேட்டால், சிவப்புக்குப் பயப்பட வேண்டாம். காரணமில்லாத பச்சையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதனால் அனுபவசாலிகள் ஒரே இரவில் மாற்றுவதில்லை. வின்டேஜைத் தாங்களே சேர்த்துக்கொண்டு பழையதையும் புதியதையும் அருகருகே ஓட்டுவார்கள். கோப்பு கோப்பாக நகர்த்துவார்கள். ஓப்பன்ரீரைட் போன்ற ஓப்பன் சோர்ஸ் கருவிகள் பெயர் மாற்றும் வேலையைத் தானாகச் செய்துதரும். மாற்றுவதற்கு முன் எத்தனை சோதனைகள் ஓடின, பின் எத்தனை ஓடின என்று எண்ணிப் பார்ப்பதும், நிரலில் வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்து சிவப்பு வருகிறதா என்று பார்ப்பதும் மனிதர் செய்ய வேண்டியவை. கணினி படிக்கும் மாணவர்களுக்கு, ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் கால் பதிக்க இது நல்ல வாசல். நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் சோதனைகளைப் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

நிரல் எழுதாதவர்களும் உதவலாம். ஏதாவது ஒரு ஆப்பில் தொகை தவறாக வந்தால், "ஆப் வேலை செய்யல" என்று மட்டும் புகார் எழுதாதீர்கள். நீங்கள் கொடுத்த விவரம், வந்த தொகை, வந்திருக்க வேண்டிய தொகை, 'ஆப் பற்றி' பகுதியில் உள்ள பதிப்பு எண் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள். ஆதார் எண், ஓடிபி எதுவும் வேண்டாம். அந்த நான்கும் இருந்தால், உங்கள் கணக்கையே ஒரு யூனிட் டெஸ்டாக எழுதி, முதலில் சிவப்பு வரவைத்து, பிறகு நிரலைத் திருத்த அவர்களால் முடியும்.