தாருக்குக் கீழே

நம் விடுதி வாசல் பாதைக்குச் சென்ற ஆண்டு போட்ட தார் ஒரே மழையில் பிளந்தது. எல்லோரும் தாரைத்தான் ஏசினோம். 2 அங்குலத் தார் வெறும் கூரை. பாரத்தைத் தாங்குவது மண். அது உலர்ந்திருக்கும் வரை எப்பாரத்தையும் தாங்கும் என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே மக்காடம் என்ற ஸ்காத்லாந்துக்காரர் வற்புறுத்தினார்.

இங்கோ தக்காணத்துக் கரிசல். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். எனவே வேரும் புல்லும் போக மேல்மண்ணை வெட்டியெறிந்து, அடிமண்ணில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுண்ணாம்பு கலந்து இறுக்கவேண்டும். அதன்மேல் சரளை, பிறகு ஜல்லி. ஒரேயடியாகக் கொட்டினால் ரோலரின் அழுத்தம் அடிவரை எட்டாது. ஆகையால் ஆறங்குல அடுக்குகளாகப் பரப்பி உருட்டவேண்டும். நீர் வடிய 40 அடிக்கு ஓரடிச் சரிவு, ஓரத்தில் வாய்க்கால்.

நேற்று வாசலில் தார்ப் பீப்பாய்கள் வந்திறங்கின. ஜல்லி வண்டி ஒன்றையும் காணோம்.