இரும்புச்சத்து மாத்திரை... காபியோடு வேண்டாமே!

`மூணு மாசமா மாத்திரை போடுறேன், ரத்தம் ஏறவே மாட்டேங்குது!' - ரத்தசோகைக்கு மருந்து எடுக்கும் பல பெண்களின் புலம்பல் இது. `எப்போ போடுறீங்க?' என்று கேட்டால், `காலைல காபி குடிச்ச கையோட போட்டுருவேன்' என்பார்கள். சிக்கலே அங்கேதான்.

காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் செய்துவிடும். பாலில் இருக்கும் கால்சியமும் குறுக்கே நிற்கும். கர்ப்பிணிகளுக்கு இரும்பு, கால்சியம் இரண்டு மாத்திரைகளுமே தரப்படும். `வேலை முடிஞ்சுது' என்று இரண்டையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். வைட்டமின் சி இதற்கு நேரெதிர். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு மாத்திரை போட்டால் சத்து நன்றாகச் சேரும். வயிற்றைப் புரட்டுகிறதா? சாப்பிட்ட பிறகு போடுங்கள், நிறுத்திவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். இந்த மாத்திரைக்கு அது சகஜம்.

உணவில் என்றால், ஆட்டு ஈரல், இறைச்சி, மீனில் உள்ள இரும்பு எளிதாக உடலில் சேரும். கீரை, பயறு வகைகளில் உள்ளது அவ்வளவு சுலபமாகச் சேராது. அதனால் கொண்டைக்கடலை சுண்டலில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருக்கின்றனவே தவிர, இரும்புச்சத்து குறைவுதான். நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறோம்!

சரி, சத்துதானே என்று வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கலாமா? கூடாது. உடலில் இரும்பு போதுமான அளவு இருந்தால் கல்லீரல் `ஹெப்சிடின்' என்ற ஹார்மோனைச் சுரந்து, `போதும்' என்று குடலின் கதவைச் சாத்திவிடும். காரணம், உபரி இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. தலசீமியா மரபணு உள்ள சிலருக்கு இரும்பு போதுமான அளவு இருந்தும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் உடனே கடையில் மாத்திரை வாங்காமல், இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம், குடற்புழு என்று ரத்தம் போகிற வழி இருந்தால், அதை அடைக்காமல் மாத்திரை மட்டும் போட்டுப் பயனில்லை.

ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடுவதும் தப்பு. சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதங்கள் தொடரச் சொல்வார்கள். அதுவரை மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கிவிட்டால், சின்னக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து.